ஜன்னல் வெளிச்சக்காரர்

ஃப்ளாரன்ஸில் ஓவியர்களுக்குப் பஞ்சம் கிடையாது. புனிதர்களை வரைகிறவர்கள் ஒரு வகை. கோயிலில் சாரம் கட்டி ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார்கள். வீட்டுக்குத் தொல்லை இல்லை. போர்க்களம் வரைகிறவர்கள் இன்னொரு வகை. அவர்களுக்குக் குதிரை வேண்டும், பீரங்கி வேண்டும், புகை வேண்டும். இதையெல்லாம் தேடி ஊர் ஊராகப் போய்விடுவார்கள், அதனால் அவர்களாலும் வீட்டுக்குத் தொல்லை இல்லை. மூன்றாவதாக ஒரு வகை உண்டு. இந்தப் பதினைந்து இருபது வருஷத்தில் ஆற்றுக்கு இந்தக் கரையில், எங்கள் பக்கத்தில், சந்துக்கு நாலு பேராகப் பெருகியிருக்கிறார்கள். இவர்கள் வரைவது வீட்டை. ஜன்னலோரமாக உட்கார்ந்து தைக்கிற பெண், தொட்டிலை ஆட்டுகிற தாய், கடிதம் படிக்கிற மகள், பக்கத்தில் ஒரு வெள்ளைத் திரை, திரை வழியாகக் கொஞ்சம் வெயில், வெயில் பட்ட பட்டுப்பாவாடை, பாவாடையில் மடிப்பு, மடிப்புக்குள் நிழல். சரக்கு இவ்வளவுதான். இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஜன்னல் வெளிச்சக்காரர்.

இதைச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் ஓவியம் படித்தவள் இல்லை. சான் ஃப்ரெதியானோ பக்கத்தில் இஸ்திரிக் கடை வைத்திருப்பவள், பெயர் ஆர்ஜியா. இருபத்திரண்டு வருஷமாக இந்த ஓவியர்களின் வீட்டுத் துணியெல்லாம் என் மேசை வழியாகத்தான் போய் வருகிறது. முகத்தைப் பார்த்து நான் ஏமாந்ததுண்டு; மேசை விரிப்பைப் பார்த்து ஏமாந்ததில்லை. தவிர, எனக்கும் அவர்களுக்கும் தொழில்முறையில் ஒரு பகையும் உண்டு. துணியில் விழுந்த சுருக்கத்தை எடுப்பது என் பிழைப்பு. எடுத்த இடத்தில் மறுபடி சுருக்கம் போடுவது அவர்கள் பிழைப்பு.

ஆளை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? சுலபம். ஓர் அறைக்குள் நுழைந்தால் நீங்களும் நானும் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம். இவர் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பார். பிறகு ஒரு கண்ணை மூடுவார், மற்றதைப் பாதி மூடுவார், கட்டைவிரலை நீட்டி உங்களை அளப்பார், இரண்டு அடி பின்னால் போவார், போகிற வழியில் சூப் கிண்ணத்தையோ பூனையையோ மிதிப்பார், தலையைச் சாய்ப்பார், பெருமூச்சு விடுவார், அப்புறம் கோயிலுக்குள் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு வார்த்தை சொல்வார்: "அசையாதே." தீர்ந்தது. உங்களுக்குத் தும்மல் வரலாம், அடுப்பில் பால் பொங்கலாம், வாசலில் தபால்காரர் நிற்கலாம், அசையக் கூடாது. உங்கள் தோளில் ஒரு வெளிச்சம் வந்து உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் எழுந்தால் அதுவும் எழுந்து போய்விடும்.

இந்த வகைக்கு உத்தமமான மாதிரி ஒன்றைக் காட்டச் சொன்னால், யோசிக்காமல் என் கடைக்கு எதிர்வீட்டு இரண்டாம் மாடியைக் காட்டுவேன். சின்யோர் ரனியேரோ தத்தேயி. வீட்டு இன்பத்தை அவரைப் போல் வரைந்தவர் இந்த ஊரில் இல்லை என்கிறார்கள். இருக்கலாம். அந்த இன்பத்தை உட்கார வைக்கத்தான் அவர் வீட்டில் நாற்காலி காலியாக இல்லை.

கிழக்குப் பார்த்த கூடம். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை அங்கே வெயில் வரும். அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் இருப்பதெல்லாம், மனிதர்கள் உட்பட, வெயிலின் சொத்து. நாற்காலிக் கால்களைச் சுற்றித் தரையில் சுண்ணாம்புக்கட்டிக் கோடு. கோட்டைத் தாண்டி நாற்காலி ஒரு விரல் நகர்ந்தாலும் அன்றைக்கு வீடு இரண்டாகும். நல்ல திரை, நல்ல விரிப்பு, நல்ல சோபா எல்லாம் கூடத்தில், படத்துக்காக. குடும்பம் சமையலறையில், முக்காலிகளில். அந்த வீட்டில் பட்டுப்பாவாடை மூன்று உண்டு. மூன்றையும் உடுத்துவது ஒரு மரப்பொம்மை. ஆள் உயரம் இருக்கும், முட்டி மடங்கும், கழுத்து திரும்பும், உட்கார வைத்தால் ஒரு மாதம் உட்கார்ந்திருக்கும். வீட்டில் அதற்குப் பெயர் சீமாட்டி. சீமாட்டிக்குச் சாட்டின், அவர் மனைவி எர்சீலியா அம்மாவுக்குக் கம்பளி. சீமாட்டிக்கு மெத்தை வைத்த நாற்காலி, எர்சீலியா அம்மாவுக்கு அடுப்படி. ஒரு தடவை நான் துணி கொடுக்கப் போனபோது, ரனியேரோ அந்தப் பொம்மையின் காலடியில் மண்டியிட்டு, பாவாடையை மடிப்பு மடிப்பாக நீவிவிட்டுக்கொண்டிருந்தார். எர்சீலியா அம்மா என்னிடம், "இருபத்தாறு வருஷத்துல என் பாவாடையை ஒரு நாள் இப்படிச் சரி பண்ணினதில்ல, ஆர்ஜியா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ரொட்டி விலை ஏறியதைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

என்னோடு அவருக்கு நடந்த சண்டைகளைச் சொன்னால் ஒரு நாள் போதாது. ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வெள்ளை ஏப்ரனைக் கஞ்சி போட்டு, ஓரம் பிடித்து, பார்க்கிறவர்கள் பொறாமைப்படும்படி தேய்த்து அனுப்பியிருந்தேன். அரை மணி நேரத்தில் மனிதர் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கடைக்கு வந்து நின்றார்.

"என்ன பண்ணி வச்சிருக்க, ஆர்ஜியா? இதுல மூணு வாரமா ஒரு நிழல் இருந்துச்சு."

"நிழலா? நான் சூப்புக் கறைன்னு நினைச்சு எடுத்துட்டேன், ஐயா."

ஏழைகள் மேல் இவருக்குப் பொங்குகிற அன்பையும் சொல்லியாக வேண்டும். வீட்டு வேலைக்காரப் பெண்ணின் மேல்சட்டை தோளில் கிழிந்திருந்தது. அவள் ஊசியை எடுத்தாள், இவர் பிடுங்கிக்கொண்டார். கிழிசல் வழியாகத் தோளில் விழுகிற வெளிச்சம் எவ்வளவு உண்மையானது என்று அவளுக்கு விளக்கினார். டிசம்பர் மாதம். அவள் உண்மையாகவே நடுங்கினாள், அதையும் வரைந்துகொண்டார். படத்தின் பெயர் 'உழைப்பவளின் காலைப்பொழுது'. ஏழைகளின் துயரை இவ்வளவு நெருங்கிப் பார்த்த கண் வேறில்லை என்று ஒரு பத்திரிகை எழுதியது. அந்தப் பெண் ஈஸ்டர் வரை இருமினாள்.

இவ்வளவு வரைக்கும் சிரித்துவிட்டுப் போகலாம். நானும் சிரித்தேன். ஃபோஸ்காவின் சீர்வரிசையில் கைவைத்தார் பாருங்கள், அதை என்னால் சிரித்துத் தள்ள முடியவில்லை.

ஃபோஸ்கா அவருடைய ஒரே மகள். அப்போது இருபத்து நாலு வயது. பிராத்தோவில் துணி வியாபாரம் செய்கிற வீட்டுப் பையன் ஒரேஸ்தேவுக்குப் பேசி முடித்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் பிடித்துத்தான் நிச்சயமானது. சனிக்கிழமைதோறும் அவன் ரயிலேறி வருவான், இவள் என் கடை வாசலில் நின்று பார்ப்பாள். எங்கள் பக்கத்தில் சீர் என்றால் துணிதான். படுக்கை விரிப்பு பன்னிரண்டு, தலையணை உறை இரண்டு பன்னிரண்டு, மேசை விரிப்பு, துவாலை, உள்பாவாடை என்று எல்லாம் பன்னிரண்டாகத்தான் போகும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பெண் தன் பெயரெழுத்தைத் தன் கையால் பூவேலை செய்திருக்க வேண்டும். ஃபோஸ்கா பத்து வயதில் ஊசியை எடுத்தவள். பதினாலு வருஷத் தையல் அந்தப் பெட்டியில் இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டுப் பெண்கள் சீர் பார்க்க வருவார்கள். பார்ப்பது என்றால் வெறுமனே கண்ணால் பார்ப்பது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். விரிப்பார்கள், எண்ணுவார்கள், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார்கள், ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார்கள், ஓரத்தைத் திருப்பி உள்தையலைப் பார்ப்பார்கள். சில வீடுகளில் அன்று ஒரு நாளைக்கு வாடகைத் துணி வாங்கி அடுக்கிவைத்துவிடுவதும் உண்டு. அதனால் தொட்டுப் பார்ப்பதில் யாருக்கும் கூச்சம் கிடையாது, தொடச் சொல்வதில்தான் பெண் வீட்டுக்கு மரியாதை. மனசுக்குத் திருப்தியானால் கல்யாணத் தேதி. இல்லாவிட்டால் இல்லை. அதிலும் ஒரேஸ்தேவின் அம்மா சின்யோரா கிளேலியா, கைகுலுக்குவதற்கு முன்னால் உங்கள் சட்டைக் கையின் நூலைத் தடவிப் பார்த்துவிடுகிற ரகம்.

பிப்ரவரியில் ஒரு காலை, எண்ணி அடுக்குவதற்காக ஃபோஸ்கா அந்தத் துணிகளையெல்லாம் பெட்டியிலிருந்து எடுத்துக் கூடத்து நாற்காலி மேல் போட்டாள். மணி ஒன்பது. வெயில் வந்தது. கூடவே அப்பாவும் வந்தார்.

படத்துக்கு 'மணமகளின் சீர்' என்று அந்த இடத்திலேயே பெயர் வைத்துவிட்டார். வசந்தக் கண்காட்சிக்கு அனுப்பியே தீர வேண்டும். நாற்காலியிலிருந்து வழிந்து தரையில் விழுகிற விரிப்புகள், பெட்டி விளிம்பில் சரிந்த உறைகள், அதற்கெல்லாம் நடுவே மணப்பெண்ணாக ஃபோஸ்காவின் உடையில் சீமாட்டி. ஃபோஸ்காவையே உட்கார வைக்கக் கூடாதா என்று எர்சீலியா அம்மா கேட்டதற்கு, அவள் மூச்சு விடுகிறாள், மடிப்பு கலைகிறது என்றார். துணிகள் மூச்சு விடாமலிருக்கக் குண்டூசி குத்தினார், வரிசை வரிசையாக. அதுவும் போதாமல் மடிப்பு விறைப்பாக நிற்பதற்குக் கஞ்சித் தண்ணீர் தெளித்தார். அந்தக் கஞ்சித் தண்ணீரைக் கொடுத்தவள் நான்தான். ஒரு குவளை கேட்டார், கொடுத்தேன். வாராவாரம் கேட்டார், வாராவாரம் கொடுத்தேன். எதற்கு என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பித்தளை ஊசியா இரும்பு ஊசியா என்றாவது கேட்டிருக்கலாம். இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

பத்து வாரம் அப்படியே கிடந்தது. சம்பந்திகள் வருவதாகச் சொன்னது ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. ஃபோஸ்கா நாள்தோறும் கதவருகில் வந்து நிற்பாள், கேட்பாள், போவாள். அப்பாவும் அவளும் பேசியதை அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

"இன்னும் மூணு வாரந்தாம்ப்பா இருக்கு. அவங்க வர்றதுக்குள்ள துவைச்சு, இஸ்திரி போட்டு அடுக்கணும்."

"வெள்ளையை அவசரப்படுத்த முடியாதும்மா. இந்த ஒரு தலையணை உறையில மட்டும் ஏழு வெள்ளை இருக்கு. இங்க நீலம் கலந்திருக்கு, அங்க மஞ்சள், அந்த மடிப்புக்குள்ள பாரு, சாம்பல்."

"எனக்கு ஒரு வெள்ளைதாம்ப்பா தெரியுது. அதுவும் தூசியாயிட்டிருக்கு."

தூசியா, எங்கே என்று ஆசையாகக் கிட்டப் போய்ப் பார்த்தாராம். அதில் அவருக்கு எட்டாவது வெள்ளை கிடைத்தது.

நடுவில் ஒரு வாரம் மழை. சூரியன் வரவில்லை. மனிதர் துக்க வீட்டில் இருப்பதுபோல் சாப்பிடாமல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். ஆறுதல் சொல்ல நண்பர்கள்கூட வந்தார்கள். அவர்களும் அதே வகைதான். போகும்போது ஒவ்வொருவரும் அந்த விரிப்புகளைத் தூர நின்று பார்த்து, அடடா என்று தலையசைத்துவிட்டுப் போனார்கள். மகளுக்கு என்றைக்குக் கல்யாணம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை என்று எர்சீலியா அம்மா சொன்னாள்.

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு வெயில் போனதும் துணியெல்லாம் விடுதலை. சம்பந்திகள் வருவது மதியத்துக்கு மேல். இடையில் இருக்கிற நேரத்தில் நான் இஸ்திரிப் பெட்டிகளோடு தயாராக நின்று, மேலே தெரிகிறதையாவது தேய்த்துக் கொடுத்துவிட வேண்டும். நானும் கரியை மூட்டி, இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொண்டு பத்து மணிக்கே மாடியேறிவிட்டேன்.

ரயிலில் வருகிறவர்கள் உங்கள் வசதிக்கா வருவார்கள்? பிராத்தோ ரயில் அவர்களைக் காலையிலேயே இறக்கிவிட்டது. பத்தே காலுக்கு சின்யோரா கிளேலியா தன் தங்கையோடு கூடத்தில் நின்றாள். கறுப்புப் பட்டு, இறுக்கிய முடி. வந்ததும் நேராக நாற்காலிப் பக்கம் போய், கையுறையைக் கழற்றி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டினாள்.

"தொடாதீங்க!" என்று ரனியேரோ போட்ட சத்தத்தில் தங்கைக்காரி கையிலிருந்த குடை கீழே விழுந்தது.

"தொடாமலா?" என்றாள் கிளேலியா. அவள் குரலை உயர்த்தவில்லை. "சீரைத் தொடாமப் பாக்கறதுக்கு நான் எதுக்கு ரயிலேறி வரணும், சம்பந்தியம்மா?"

எர்சீலியா அம்மா ஏதோ விளக்க ஆரம்பித்தாள். படம், கண்காட்சி, பதினொரு மணி என்று வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. ரனியேரோவுக்கு அந்தச் சமயத்தில் வேறு கவலை. "கொஞ்சம் இந்தப் பக்கம் நகருங்கம்மா. வெளிச்சத்துல நிக்கிறீங்க" என்றார். கிளேலியாவும் திகைத்துப்போய் நகர்ந்தாள். அப்புறம்தான், வந்தவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பெரிய மனசோடு அவளை அழைத்துக்கொண்டுபோய்ப் படத்துக்கு முன்னால் நிறுத்தினார். துணியில் பார்ப்பதைவிட இதில் நன்றாகத் தெரியும் என்றார். கேலியாகச் சொல்லவில்லை, ஏமாற்றவும் இல்லை. தன்னிடம் இருப்பதில் உயர்ந்ததைக் காட்டுவதாகத்தான் அவர் நிஜமாகவே நினைத்தார். இந்த வகையின் தப்பே அதுதான்.

கிளேலியா நிதானமாகப் பார்த்தாள். பழக்க தோஷம், எண்ணியும் பார்த்தாள்.

"ஏழு விரிப்புதான் இருக்கு."

"படத்துக்கு ஏழு போதும். பன்னண்டும் போட்டா பாரமாயிடும்."

"கட்டிலுக்கு ஏழு போதாதே" என்றாள் அவள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். இதெல்லாம் இவர்களுடையதா, இல்லை எங்காவது வாடகைக்கு வாங்கியதா என்று நேராகவே கேட்டாள். ஒவ்வொரு துணியையும் இந்தப் பெண் தைத்ததை நான் பார்த்திருக்கிறேன், ஒவ்வொன்றும் என் கை வழியாகப் போனது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டாள். ஆனால் அந்த வீட்டு வேலையை நம்பிப் பிழைக்கிறவள் வேறெப்படிச் சொல்வாள் என்பதும் அவள் முகத்தில் தெரிந்தது. தங்கைக்காரி குடையை எடுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஃபோஸ்கா சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி நடந்தாள். மேலே கிடந்த விரிப்பின் நுனியைப் பிடித்து இழுத்தாள். குண்டூசிகள் நாலா பக்கமும் தெறித்தன. பத்து வாரத்து மடிப்பு ஒரே நொடியில் போயிற்று. ரனியேரோ தன் அம்மாவின் சவப்பெட்டியைத் தூக்கியபோது நான் அந்த வீட்டில் இருந்தேன். அன்றைக்குக்கூட அவரிடமிருந்து அப்படி ஒரு முனகல் வரவில்லை. ஃபோஸ்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விரிப்பைக் கொண்டுவந்து கிளேலியாவின் கையில் வைத்தாள்.

"தொட்டுப் பாருங்கம்மா. ஓரத்துல என் பேரு இருக்கு."

கிளேலியா தொட்டாள். தேய்த்தாள். பூவேலையை விரலால் தடவினாள். முகம் இளகியது. நல்ல நூல் என்றாள், கொஞ்சம் பொறுத்து நல்ல கை என்றும் சொன்னாள். எனக்கு மூச்சு வந்தது. பிறகு அவள் தொழிலுக்கேற்ற மாதிரி விரிப்பை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

துரு. கஞ்சி ஈரத்தில் பத்து வாரம் கிடந்த ஒவ்வொரு இரும்பு ஊசியும் தன் இடத்தில் ஒரு பழுப்புப் புள்ளியை வைத்துவிட்டுப் போயிருந்தது. மடிப்பு நின்ற இடமெல்லாம் அழுக்குக் கோடு. அழுக்கு போகும், துரு போகாது. எலுமிச்சையும் உப்பும் போட்டு வெயிலில் காயவைத்தாலும் மஞ்சளாக நிற்கும், அது எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. இரண்டாவது விரிப்பை ஃபோஸ்காவே எடுத்துப் பிரித்தாள். அதே. மூன்றாவதும் அதே. நாலாவதை எடுத்தவள் பிரிக்கவில்லை. மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். சத்தமில்லை, கண்ணிலிருந்து நீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. மணி பதினொன்று ஆகவில்லை. வெயில் அவள் முகத்திலும் அந்த வெள்ளைத் துணியிலும் விழுந்தது.

ரனியேரோ அவளைப் பார்த்தார். பத்து வாரத்தில் முதல் தடவையாக அவர் மகளைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். முகத்தில் ஒரு மாற்றம் வந்ததைக் கண்ணால் கண்டேன். இனியாவது போய் அவளை அணைத்துக்கொள்வார் என்று எர்சீலியா அம்மாகூட ஓரடி விலகி வழிவிட்டாள். அவருடைய ஒரு கண் மெல்ல மூடியது. கட்டைவிரல் மேலே வந்தது.

"அசையாதேம்மா," என்றார். "அப்படியே இரு."

அவள் நின்றாள். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அந்த வார்த்தைக்குப் பழகிய உடம்பு. வெயில் போகிற வரைக்கும் அசையாமல் நின்றது, அழுதுகொண்டே. எனக்கு வந்த கோபத்தில் பெட்டியைச் சீமாட்டி தலையில் வைத்துவிட்டு வந்திருப்பேன். எர்சீலியா அம்மாவின் முகத்துக்காகப் பெட்டியைக் கீழே வைத்தேன்.

கிளேலியா கொடுமைக்காரி இல்லை. வாசலில் நின்று எர்சீலியா அம்மாவிடம் தணிந்துதான் பேசினாள். "பொண்ணு மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா கறை பட்ட விரிப்போட மருமக வந்தா ஊர் எத்தனை விதமாப் பேசும்னு உங்களுக்குத் தெரியாததா? எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா." அடுத்த வாரம் கடிதம் வந்தது. நாலே வரி.

படம் முடிந்தது. சீமாட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஃபோஸ்காவை வைத்தார். பெயரையும் மாற்றினார்: 'பிறந்த வீட்டைப் பிரிகிறவள்'. புருஷன் வீட்டுக்குப் போகிற சந்தோஷமும் அம்மா அப்பாவை விட்டுப் போகிற துக்கமும் கலந்த கண்ணீர் என்று பட்டியலில் விளக்கமும் கொடுத்திருந்தார். துருப் புள்ளிகளை வரையவில்லை. வெள்ளையைக் கெடுக்கும் என்று விட்டுவிட்டாராம்.

கண்காட்சியில் அதற்கு நல்ல இடம், நல்ல சட்டம். ஒரு கண்ணில் மட்டும் கண்ணாடி வைத்த கனவான்கள் ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள், சீமான் வீட்டுப் பெண்கள் கையுறை விரலை நீட்டிக்கொண்டு நின்றார்கள், தொட்டுப் பார்க்கலாம்போல இருக்கிறது என்று வருகிறவர்களெல்லாம் சொன்னார்கள், சிலர் தொட்டும் விட்டார்கள், கடைசியில் காவலாள் ஒரு கயிறு கட்ட வேண்டியதாயிற்று. ஒரு பத்திரிகை நாற்பது வரி எழுதியது: முப்பது வரி விரிப்புக்கு, ஒன்பது வரி வெளிச்சத்துக்கு, பெண்ணின் முகமும் பொருத்தமாக அமைந்திருக்கிறது என்று ஒரு வரி. வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்கள். நானும் டிக்கெட் கேட்காத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போனேன். கூட்டத்தில் முண்டியடித்து முன்னால் போய்ப் பார்த்தால், பெட்டிப் பக்கத்தில் ஒரு தலையணை உறை, கசங்காத ஓரத்தோடு. என் இஸ்திரிப் பெட்டி பிடித்த ஓரம். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத அம்மாளின் கையைப் பிடித்து, அது நான் தேய்த்தது என்று சொன்னேன், வெட்கமில்லாமல் இரண்டு தடவை சொன்னேன். அதற்கப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

படத்தை ஓர் ஆங்கிலேயர் வாங்கிக்கொண்டு போனார். சாப்பாட்டு அறையில், ஜன்னலுக்கு எதிரே மாட்டப் போவதாகச் சொன்னாராம். சட்டம் எவ்வளவு அகலம், பொன் முலாம் எப்படிப் பூசினார்கள், எந்த வண்டியில் ஏற்றினார்கள் என்பதெல்லாம்கூட எனக்குத் தெரியும், கேட்டால் சொல்வேன். நீங்களும் கேட்பீர்கள். அந்தக் கடிதத்தைப் பற்றி நான் சொல்லி எவ்வளவு நேரமாகிறது? சுரண்டினார், பெயர் மாற்றினார், கயிறு கட்டினார்கள், பதக்கம் கொடுத்தார்கள் என்று நான் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டு கூடவே வந்தீர்களே, நடுவில் என்னை ஒரு தடவை நிறுத்தி, கடிதம் வந்த அன்று அந்தப் பெண் என்ன செய்தாள் என்று கேட்டீர்களா? கேட்கவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெள்ளைத் துணியைப் பற்றிப் பேசினால் யாருக்குமே அப்படித்தான் ஆகிவிடுகிறது.

நானே சொல்லிவிடுகிறேன். கடிதம் வந்த அன்று துணி முழுவதையும் இரண்டு கூடையில் போட்டுக்கொண்டு என் கடைக்கு வந்தாள். எலுமிச்சை இருக்கிறதா என்று கேட்டாள். மூன்று நாள் இரண்டு பேரும் உட்கார்ந்து தேய்த்தோம். போகவில்லை. நாலாவது நாள் கையைத் துடைத்துக்கொண்டு, சும்மா இருந்த மூன்றாவது மேசையில் நின்று யாரோ ஒருவர் வீட்டுச் சட்டையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். ஆறு வருஷமாகிறது, இன்னும் அங்கேதான் நிற்கிறாள். ஒரேஸ்தே மறு வருஷமே வேறு இடத்தில் கட்டிக்கொண்டான். நல்ல பையன், அம்மா நிறுத்திய இடத்தில் நிற்கிற பையன். ஃபோஸ்காவுக்கு இரவில் படுக்கை எதிர்வீட்டில்தான். காலையில் மட்டும் விடிவதற்குள் இறங்கி வந்துவிடுகிறாள், பதினொரு மணி தாண்டாமல் திரும்பிப் போவதில்லை.

ஃப்ளாரன்ஸ் வந்தால் எங்கள் கடைக்கும் வாருங்கள். எங்கள் ஜன்னலுக்கும் காலையில் வெயில் உண்டு. ஈரத் துணியில் பெட்டி படும்போது ஆவி எழும்பி அவள் முகத்துக்கு நேரே வெளிச்சத்தில் நிற்கும். அழகாகத்தான் இருக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. சட்டையைக் கொடுங்கள், என்றைக்குக் கிடைக்கும் என்று கேளுங்கள், முடிந்தால் அவளிடம் சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வாசலில் நின்று ஆகா என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எங்கள் இரண்டு பேர் கையிலும் பெட்டி சூடாக இருக்கிறது.